எதிர்முழக்கம் நீக்கிய பேச்சுப் பதிவுகள்: ஒரு மதிப்பீடு

கள ஆய்வில் திரட்டப்பெறும் பேச்சுப் பதிவுகளில் அறையின் எதிர்முழக்கமும் உடன் கலந்துவிடுவது இயல்பு. அதனைக் கணிப்பொறி நிரல்களால் நீக்குதல் இன்று எளிதாகியுள்ளது. ஆயின், நீக்கிய வடிவத்தையே மூலச் சான்றாகக் கொள்வது ஒலியியலாய்வுக்கும் மொழிபெயர்ப்புக்கும் ஏற்புடையதா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

எதிரொலி தனித்துக் கேட்பது. எதிர்முழக்கமோ சுவர், தரை, கூரை ஆகியவற்றிலிருந்து மீளும் ஒலிகள் பல கலந்து நீள்வது. ஒலி 60 டெசிபெல் தணிவதற்கு ஆகும் காலம் எதிர்முழக்க நேரம் எனப்படும். அது அறையின் கன அளவுக்கு நேர்விகிதத்திலும், ஒலியை உட்கவரும் பரப்புக்கு எதிர்விகிதத்திலும் அமைவதை, 1895இல் ஆய்வைத் தொடங்கிய ஹார்வர்டு பல்கலைக்கழகத்து வாலஸ் சபைன் நிறுவினார். இந்நேரம் 1 நொடியாயின், பத்திலொரு நொடியில் தணிவது 6 டெசிபெல் மட்டுமே. எனவே 'பாட்டு' என்னுஞ் சொல்லில் டகர இரட்டிப்பின் அடைப்பில் நிலவவேண்டிய அமைதியை முன்னின்ற உயிரின் எச்சம் நிரப்பிவிடுகிறது. நிறமாலை வரைபடத்தில் ஒலிப்பிலா ஒலி ஒலிப்புடையதுபோல் தோன்றும். ஆகவே நீக்கம் தேவையே என்பதில் ஐயமில்லை.

2010இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் விரிவாக வெளியிட்ட முன்கணிப்பு முறை, முந்தைய ஒலியிலிருந்து பிந்திய எதிர்முழக்கத்தைக் கணித்துக் கழிக்கிறது. பின்வந்த நரம்பு வலையமைப்புகள் பயிற்சித் தரவின் துணையால் தெளிந்த பேச்சை ஊகித்து ஆக்குகின்றன. இவற்றின் வெற்றி பெரும்பாலும் கேட்போர்க்கோ பேச்சறி கருவிக்கோ பேச்சு விளங்குவதைக் கொண்டே அளக்கப்பெறுகிறது. விளங்குதல் வேறு, உள்ளது உள்ளவாறு நிற்றல் வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதே குறை.

தமிழில் இக்குறை சிறிதன்று. தொல்காப்பியம் அரை மாத்திரை எனக் கூறும் குற்றியலுகரம் சொல்லின் ஈற்றில் மெலிந்து தேய்வது. தேய்ந்து மறையும் ஒலியை எதிர்முழக்கத்தின் வால் எனக் கருவி மயங்குதல் கூடும். பேச்சுவழக்கில் 'வந்தான்' என்பதன் ஈறு மூக்கின உயிராகவும், 'வந்தாள்' என்பதன் ஈறு ளகரம் கெட்டு வெற்றுயிராகவும் ஒலிக்கும். மூக்கினச் சாயல் மழுங்கின் ஆண்பால் பெண்பாலாகும். மொழிபெயர்ப்பாளர் வினைமுதலையே மாற்றி எழுத நேரும். பிழை, அவருடைய மொழியறிவின் குறையாகவே எண்ணப்படும்.

நீக்கத்தினும் தவிர்த்தலே சிறந்தது. 48 கன மீட்டர் கொண்ட அறையில் எதிர்முழக்க நேரம் 1 நொடியெனின், ஏறத்தாழ 40 செ.மீ. தொலைவில் நேரொலியும் எதிர்முழக்கமும் சமமாகின்றன. அதற்கப்பால் அறையே மிகுதியும் பேசுகிறது. ஒலிவாங்கியை 1 மீட்டரிலிருந்து 20 செ.மீ.க்கு நகர்த்தின், நேரொலி சுமார் 14 டெசிபெல் உயரும். எதிர்முழக்கம் அவ்வளவிலேயே நிற்கும். கம்பளமும் தடித்த திரைச்சீலையும் மேலும் துணைசெய்யும்.

பழம் பதிவுகட்கு இவ்வழி இல்லை. அவற்றில் நீக்கிய வடிவத்தைக் கேட்டறிவதற்கு மட்டும் கொண்டு, அளவீட்டையும் ஐயமான ஈறுகளையும் மூலத்தோடு ஒப்பிட்டே முடிவு செய்தல் வேண்டும். பயன்படுத்திய நிரலும் அதன் அமைப்புகளும் பதிவுக் குறிப்பில் இடம்பெறுதல் நன்று. மூலத்தை அழித்துவிட்டுத் தூய வடிவத்தை மட்டும் காப்பது, ஏட்டுச்சுவடியை எரித்துவிட்டுப் படியை மட்டும் போற்றுவதற்கு ஒப்பாகும்.