விற்கக் கூடாத நிலமும் தொலையாத பத்திரமும்

1851இல் சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையோரம் ஒரு மனை கைமாறியது. விற்றது கிழக்கிந்தியக் கம்பெனி, விலை 26 ரூபாய் 8 அணா. வாங்கியவர்கள் அருணாசலம் பிள்ளை, சின்னத்தம்பி பிள்ளை முதலிய சில தமிழர்கள். 1855இல் அந்த மனையில் எழுந்த நரசிங்கப் பெருமாள் கோயில்தான், இன்று தைப்பூசக் காவடிகள் புறப்படுகிற ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயில். அன்று சுற்றிலும் காய்கறித் தோட்டமும் சதுப்பும்தான். வாங்கியவர்களின் பெயர் இன்றும் சொல்லப்படுவதற்கு அவர்கள் செய்த வணிகமோ சேர்த்த பணமோ காரணமில்லை, அந்த ஒரு கிரயமே காரணம்.

இப்படி நிலப் பத்திரங்களைக் கொண்டு வரலாறு எழுதுவதில் கைதேர்ந்தவர்கள் ஸ்காட்லாந்துக்காரர்கள். அங்கே எஞ்சியிருக்கும் அரச நிலக்கொடைப் பட்டயங்களில் மிகப் பழையது, 1094ஐ ஒட்டி இரண்டாம் டங்கன் அளித்தது. நிலம் கைமாறுவதைப் பதிவு செய்யும் பொதுப் பேரேடு 1617இலேயே வந்துவிட்டது. நிலமானிய உரிமை முறை சட்டப்படி முடிவுக்கு வந்ததோ 2004இல்தான். இடைப்பட்ட நூற்றாண்டுகளில் பிரபுக் குடும்பங்கள் பட்டயங்களைப் பெட்டிகளில் பூட்டித் தலைமுறை தலைமுறையாகக் காத்தன. தனியாரிடம் உள்ள இத்தகைய ஆவணங்களைத் தேடிப் பட்டியலிடுவதற்கென்றே 1946 முதல் அங்கு ஓர் அமைப்பு இயங்குகிறது.

அந்த நாட்டின் ஐலா தீவில் பிறந்தவர் ஜான் கிராஃபர்ட். 1824இல் சுல்தான் ஹுசேன், தெமெங்கோங் அப்துல் ரஹ்மான் இருவரோடும் உடன்படிக்கை செய்து சிங்கப்பூர்த் தீவை முழுமையாகக் கம்பெனிக்கு வாங்கியவர் அவர். அதற்கு முந்தைய ஆண்டே, 1823 ஜனவரியில், ராஃபிள்ஸ் பிறப்பித்த முதல் ஒழுங்குவிதி நிலப் பதிவைப் பற்றியது. நகர் பிறந்து நான்காண்டுகூட ஆகவில்லை! பிறகு 999 ஆண்டுக் குத்தகைகள் வந்தன. தோட்ட நிலங்களுக்குக் காலம் குறைவு என்று விவசாயிகள் முணுமுணுத்தார்கள். நில அளவையாளர் கோல்மனும் அவருக்குப் பின் ஜான் டர்ன்புல் தாம்சனும் சங்கிலி போட்டு அளந்தார்கள். காகிதத்துக்குக் குறைவே இல்லாத ஊர் இது. ஆனால் குடும்பப் பெட்டி என்று ஒன்றைத் தேடினால் பெரும்பாலும் கை வெறுமையாகத்தான் திரும்பும். சிங்கப்பூர்த் தமிழரின் பழைய நிலக்கதைகளைக் காத்தவை வீடுகள் அல்ல; கோயில்களும் பள்ளிவாசல்களும் தர்காக்களும்.

நாராயண பிள்ளையை எடுத்துக்கொள்ளலாம். 1819இல் பினாங்கிலிருந்து ராஃபிள்ஸோடு கப்பலில் வந்தவர். தஞ்சோங் பகாரில் செங்கல் சூளை போட்டார், துணி வியாபாரம் செய்தார். 1822இல் கடை தீக்கிரையானது. கோயிலுக்கென்று முதலில் தெலோக் ஆயரில் இடம் கிடைத்தது, அங்கே நல்ல தண்ணீர் இல்லை. அடுத்துக் கிடைத்த இடம் புதிய நகரத் திட்டத்துக்கு ஒத்துவரவில்லை. 1823இல்தான் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் மனை ஒதுக்கப்பட்டது. 1827இல் மரமும் கூரையுமாக மாரியம்மன் அங்கே குடியேறினாள். பிள்ளையின் சூளையும் கடையும் போன இடம் தெரியவில்லை. அம்மனுக்கு ஒதுக்கிய மனை அப்படியே இருக்கிறது. 1831இல் தனியார் சிலர் பக்கத்து நிலத்தைக் கோயிலுக்குக் கொடுத்தபோது அதைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். அந்தக் கல் இன்னும் கோயிலுக்குள் நிற்கிறது. வெள்ளைக்காரனின் பதிவேடு இருக்கும்போதே கல்லிலும் எழுதத் தோன்றியது தமிழ்நாட்டுக் கோயில் மதில்களைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்குத்தான். கடல் கடந்த கொடையை எழுதி வைப்பதும் புதிதல்ல: ஸ்ரீவிஜய அரசன் நாகப்பட்டினத்தில் எடுப்பித்த சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் கொடுக்கப்பட்டதை லைடன் செப்பேடுகள் சொல்கின்றன.

அதே நாகப்பட்டினக் கரையிலிருந்து வந்தவர்கள் எழுப்பிய நினைவிடம் தெலோக் ஆயர் தெருவின் நாகூர் தர்கா. 1827இல் காதர் பிள்ளை என்பவருக்கு அரசு அந்த நிலத்தைக் கொடுத்தபோது ஒரு நிபந்தனை போட்டது: விற்கக் கூடாது, வழிபாட்டுக்கே பயன்பட வேண்டும். இந்த ஒற்றை நிபந்தனையில்தான் விஷயம் இருக்கிறது. விற்கிறவன் பத்திரத்தையும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போகிறான். விற்க முடியாதவன், தான் வைத்திருப்பது எந்த உரிமையில் என்று தலைமுறைதோறும் காட்டியாக வேண்டும். அதனால் காகிதத்தைப் பத்திரப்படுத்துகிறான். டன்லப் தெரு அப்துல் கஃபூர் பள்ளிவாசலும் அப்படித்தான். தென்னிந்தியரான ஷேக் அப்துல் கஃபூர் பொறுப்பேற்ற அறக்கட்டளை, நிலத்தில் கடைவீடுகள் கட்டி வாடகை சேர்த்து, 1907இல் இன்றைய கட்டடத்தைத் தொடங்கியது.

குடும்பச் சொத்துக்கு இந்த ஆயுளைச் சட்டமே மறுத்தது. ஒரு சீன வணிகர் தம் சொத்தை முன்னோர் வழிபாட்டுக்கென என்றென்றைக்குமாக உயிலில் எழுதிவைத்தார். 1869இல் நீதிபதி பென்சன் மேக்ஸ்வெல் அது செல்லாது என்றார்: காலவரையறை இல்லாமல் சொத்தை முடக்க ஆங்கிலச் சட்டம் விடாது, பொதுநலத் தர்மத்துக்கு மட்டுமே விலக்கு. சாமிக்கு எழுதினால் நிற்கும், தாத்தாவுக்கு எழுதினால் நிற்காது என்பதுதான் நடைமுறையில் இதற்குப் பொருள். லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்து போகிற தூரத்தில் உள்ள கம்போங் கிளாமில் சுல்தான் ஹுசேனின் குடும்பமும் தப்பவில்லை. வாரிசுச் சண்டை நீதிமன்றம் போய், 1897இல் நிலம் அரசுடையது என்று தீர்ந்தது. 1904இன் சட்டம் வழித்தோன்றல்களுக்கு வருமானத்தில் பங்கு தந்ததோடு சரி.

தர்மச் சொத்துகளிலும் கணக்கு ஒழுங்காக இல்லை என்ற புகார் எழாமல் இல்லை. 1905இல் இந்து, முஸ்லிம் அறக்கட்டளைகளை மேற்பார்வையிடச் சட்டம் வந்தது. 1968க்குப் பிறகு இந்து அறக்கட்டளை வாரியமும் இஸ்லாமிய சமய மன்றமும் தனித்தனியே பொறுப்பேற்றன. அறங்காவலர் சண்டைகள் அந்தக் காலத்தில் பெரிய தலைவலி. இன்று அவை ஆய்வாளருக்கு வரம், ஏனென்றால் வழக்கு என்று வந்துவிட்டால் பெட்டியில் இருக்கும் பழைய தாளெல்லாம் நீதிமன்றத்துக்கு வந்தாக வேண்டும்.

நாட்டுக்கோட்டைச் செட்டியார்களான நகரத்தாரின் கதை வேறு. டாங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில், மருத்துவர் ஆக்ஸ்லியின் எஸ்டேட்டிலிருந்து வாங்கிய நிலத்தில் 1859இல் எழுந்தது. ஆக்ஸ்லி அந்தப் பக்கமெல்லாம் சாதிக்காய்த் தோட்டம் வைத்திருந்தவர். ஆனால் மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கிகளில் நடந்த தொழிலின் கணக்கு இங்கே தங்கவில்லை. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மேலாள் மாறுவார், கணக்கு செட்டிநாட்டுக்குப் போகும். வீட்டையும் கடையையும் அடமானம் பிடித்துக் கடன் கொடுத்தவர்களாதலால், அவர்களின் பெயர் இங்குள்ள பத்திரப் பதிவுகளில் கிடக்கிறது. கடனின் உள்கதை காரைக்குடிப் பக்கத்து வீடுகளின் பேரேடுகளில். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்கிற வேலைக்கு ஆங்கிலக் கையெழுத்தும் செட்டிநாட்டுக் கணக்கும் ஒருவருக்கே தெரிந்திருக்க வேண்டும். அப்படிப்பட்டவர் அபூர்வம்.

கனிங் ரைஸ் சாலையில் உள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில் 1800 முதல் 1867 வரையான நீரிணைக் குடியேற்றப் பதிவேடுகள் நுண்படமாக உள்ளன. 2015 முதல் பொதுமக்களும் அவற்றின் கையெழுத்துப் பக்கங்களை இணையத்தில் படித்துத் தட்டச்சு செய்கிறார்கள். அந்த 1867 வரை சிங்கப்பூர் இந்திய நிர்வாகத்தின் கீழ் இருந்ததால், மேலதிகாரிகளுக்குப் போன கடிதங்களை இந்தியாவிலும் லண்டனிலும் தேட வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதலான கட்டட வரைபடங்கள் இன்னொரு புதையல்: கடைவீட்டுக்கு மாடி எடுக்கவும் கொட்டகை போடவும் அனுமதி கேட்ட உரிமையாளர் பெயர்கள் அவற்றில் வரிசையாக வருகின்றன. ஒருவரின் சொந்தப் பத்திரம் போய்விட்டிருந்தாலும் கவலையில்லை. பக்கத்து மனையின் பத்திரத்தில் நான்கெல்லை சொல்லும் வரியில், வடக்கே இன்னார் நிலம் என்று அவர் பெயர் இருக்க வாய்ப்புண்டு. லிட்டில் இந்தியாவின் பழைய குடும்பங்களைத் தேடுகிறவர்கள் அந்த வரியிலிருந்து தொடங்கலாம்.