அடைக்கோழி

முட்டையிட்டு முடித்த நாட்டுக்கோழி ஒரு நாள் கூடையை விட்டு எழ மறுக்கும். தொடப்போனால் இறகைச் சிலிர்த்துக் கொத்த வரும். புரோலாக்டின் என்ற ஹார்மோனின் வேலை அது. முட்டைக்காகவே தேர்ந்து வளர்க்கப்பட்ட வெள்ளை லெகார்ன் இனத்தில் இக்குணம் ஏறக்குறைய அற்றுப்போய்விட்டது.

தமிழகத்துச் சிறுவிடைக் கோழியோ அருமையான தாய். மணலும் வைக்கோலும் பரப்பிய கூடையில் பத்துப் பன்னிரண்டு முட்டைகளை 21 நாள் உடற்சூட்டிலேயே காக்கும். இரை தின்னச் சற்று நேரம்தான் இறங்கும். கரு ஓட்டில் ஒட்டிவிடாதபடி முட்டைகளை அலகால் அடிக்கடி புரட்டிவிடும் அதன் பொறுமையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

குஞ்சு வேண்டாதவர்கள் அடை தெளியத் தண்ணீரில் முக்குவதுண்டு. மூக்கில் இறகு செருகுவதும் உண்டு. கொடுமை அது, விட்டொழிக்க வேண்டும். காற்றோட்டமான கம்பிவலைக் கூண்டில், வைக்கோல் எதுவும் போடாமல், தீனியும் தண்ணீரும் வைத்துச் சில நாள் விட்டாலே அடிவயிற்றுச் சூடு தணிந்து கோழி மேயக் கிளம்பிவிடும்.