கேள்விக்கு முன்னால் ஓர் இசைத்தட்டு

1961 ஜூலையில் எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின், சிகாகோவின் டபிள்யூ.எஃப்.எம்.டி. வானொலிக்கு வந்திருந்தார். பேட்டி கண்டவர் ஸ்டட்ஸ் டெர்கல். எடுத்த எடுப்பில் புளூஸ் பாடகி பெஸ்ஸி ஸ்மித்தின் 'பேக்வாட்டர் புளூஸ்' ஒலிக்கிறது. வெள்ளத்தில் வீட்டைப் பறிகொடுத்த ஒருத்தியின் பாட்டு. அதன்பின், இதைக் கேட்கும்போது உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்கிறார் டெர்கல். அவ்வளவுதான் கேள்வி.

அந்தத் தேர்வில்தான் டெர்கலின் கலை இருக்கிறது. முதல் நாவலை முடிக்க முடியாமல் தவித்த காலத்தில் பால்ட்வின் ஸ்விட்சர்லாந்தின் மலைக் கிராமம் ஒன்றில் தங்கியிருந்தார். கையில் ஒரு தட்டச்சுப் பொறியும் பெஸ்ஸி ஸ்மித்தின் இசைத்தட்டுகளும். நியூயார்க்கின் ஹார்லெமில் சிறுவனாகத் தான் கேட்ட, பேசிய, பிறகு வெட்கப்பட்டு ஒதுக்கிவிட்ட பேச்சுமொழியை அந்தக் குரல்தான் மீட்டுக் கொடுத்தது. இதைக் கட்டுரையில் எழுதியிருந்தார் அவர். டெர்கல் அதைப் படித்திருந்தார். 'நீங்கள் இப்படி எழுதியிருக்கிறீர்களே' என்று தொடங்கியிருந்தால் பால்ட்வின் எழுதியதையே திரும்பச் சொல்லியிருப்பார். பாட்டைக் கேட்டதால், தன்னையே கொல்லப் பார்த்த பேரிடரை அந்தப் பெண் சுயஇரக்கம் இல்லாமல் ஏற்று எப்படிக் கடந்து போகிறாள் என்று அங்கேயே யோசித்துப் பேசுகிறார். பேட்டி காண்பவரின் படிப்பு அவருடைய கேள்வியில் தெரிய வேண்டியதில்லை; வந்தவரின் பதிலில் தெரிந்தால் போதும்.

டெர்கல் 1912இல் நியூயார்க்கில் பிறந்து சிகாகோவில் வளர்ந்தவர். சட்டம் படித்தார், வழக்காடப் போகவில்லை. நாடக நடிப்பு, வானொலித் தொடர், ஜாஸ் இசைத்தட்டு நிகழ்ச்சி என்று சுற்றினார். மஹாலியா ஜாக்சனின் பாட்டைத் தொடக்கக் காலத்திலேயே ஒலிபரப்பிப் புகழ்ந்தவர்களில் ஒருவர். இடதுசாரி என்று முத்திரை குத்தப்பட்டு, 1950களின் தொடக்கத்தில் தொலைக்காட்சி வாய்ப்பை இழந்தார். அப்போது ஒருநாள் புதிய நிலையம் ஒன்றில் நாட்டுப்புறப் பாடகர் வுடி கத்ரியின் பாட்டு காதில் விழ, உடனே அந்த நிலையத்துக்குத் தொலைபேசியில் பேசி வேலைக்குச் சேர்ந்தார். அதுதான் டபிள்யூ.எஃப்.எம்.டி. 1952 முதல் 1997 வரை, 45 ஆண்டுகள் அங்கேயே.

குரல் கரகரப்பு. ஒரு வாக்கியத்தை முடிக்கும் முன் அடுத்ததற்குத் தாவுவார், உரக்கச் சிரிப்பார். இலக்கண சுத்தமான அறிவிப்பாளர் அல்லர். ஆனால் வருகிறவரின் புத்தகத்தை முழுக்கப் படித்து, அடிக்கோடிட்டு, ஓரத்தில் குறிப்பெழுதிக் கொண்டுதான் ஒலிவாங்கியின் முன் உட்காருவார்.

எழுத்தாளருக்குக் கொடுத்த அதே மரியாதையை உழைப்பாளிக்கும் கொடுத்தார். 1974இல் வந்த 'வொர்க்கிங்' நூலில் ஒரு கல் கொத்தனார் பேசுகிறார். தான் கட்டிய வீட்டைக் கடக்கும்போதெல்லாம் திரும்பிப் பார்ப்பாராம். எந்தக் கல் கோணலாக உட்கார்ந்தது என்பது கடைசிவரை மறக்காதாம். ஒரு சிற்பியிடம் எதிர்பார்க்கும் பேச்சு இது. ஏழைக் குடியிருப்பு ஒன்றில் ஒரு தாயின் பேச்சைப் பதிவு செய்தபோது, அம்மாவின் குரலைக் கேட்கவேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தார்கள். போட்டுக் காட்டினார். தனக்குள் இப்படியொரு எண்ணம் இருந்தது தனக்கே தெரியாது என்று வியந்தாள் அந்தப் பெண். பால்ட்வினுக்கு அந்த இசைத்தட்டு செய்ததை அவளுக்கு அவளுடைய குரலே செய்தது.

இரண்டாம் உலகப்போர் நினைவுகளைத் தொகுத்த 'த குட் வார்' நூலுக்கு 1985இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. 2008இல், தன் 96ஆம் வயதில் டெர்கல் காலமானார். அவர் விட்டுச் சென்ற நிகழ்ச்சிகள் 5,000க்கும் மேல். அவற்றில் ஏராளமானவை இன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கலைஞர்களைப் பேட்டி காணும் நம் இளைஞர்கள் அந்த பால்ட்வின் பேட்டியை ஒருமுறையாவது முழுக்கக் கேட்கவேண்டும். கேட்டபின், அடுத்து பேட்டி காணப்போகும் கலைஞரின் படைப்பைக் கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டுப் போகட்டும்.