தொலைபேசி சொல்லாத செய்தி: பர்கூஸியின் ‘ரஅய்து ராமல்லாஹ்’

அரபு இலக்கிய வழக்கில் ‘ஸஃபர்’ வேறு, ‘குர்பத்’ வேறு. முன்னது பயணம்; திரும்பி வருதலும் அதனுள் அடங்கும். பின்னது ஊரை இழந்து அந்நியனாய் நிற்றல். வளைகுடா சென்ற பிள்ளைகளைச் ‘சபுராளி’ என்றழைக்கும் நம் ஊர்கள் முதற்சொல்லை நன்கறிந்தவை. இரண்டாம் சொல்லின் பாரத்தை உணர விரும்புவோர் ஃபலஸ்தீனக் கவிஞர் முரீத் அல் பர்கூஸியின் ‘ரஅய்து ராமல்லாஹ்’ (ராமல்லாஹ்வைக் கண்டேன்) என்னும் உரைநடை நூலை வாசிக்க வேண்டும்.

1997இல் வெளிவந்த இந்நூல் அவ்வாண்டே நஜீப் மஹ்ஃபூஸ் விருதைப் பெற்றது. 2000இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்புக்கு எட்வர்ட் சயீத் முன்னுரை எழுதினார். ராமல்லாஹ்வை அடுத்த தைர் கஸ்ஸானாவில் 1944இல் பிறந்த ஆசிரியர், 1967 ஜூனில் கெய்ரோ பல்கலைக்கழகத்தில் இறுதித் தேர்வு எழுதிக்கொண்டிருந்தபோது போர் மூண்டது, ஊர் ஆக்கிரமிப்புக்குள்ளானது. மாணவராகச் சென்றவர் ஊரற்றவரானார். 1977இல் எகிப்தும் அவரை வெளியேற்றியது. மனைவி ரள்வா ஆஷூர் கைக்குழந்தையுடன் கெய்ரோவில் இருக்க, இவர் நெடுங்காலம் புடாபெஸ்டில் வாழ்ந்தார். 1996இல்தான் ஜோர்தான் நதிப் பாலத்தைக் கடந்து சொந்த மண்ணை மிதித்தார்.

இந்நூலில் தொலைபேசி ஒரு கதைமாந்தராகவே இயங்குகிறது. பல நாடுகளில் சிதறிய குடும்பத்தைப் பிணைப்பதும் அதுவே. தந்தையின் மரணத்தையும், 1993இல் பாரிஸில் நிகழ்ந்த தமையன் முனீஃபின் மரணத்தையும் கொண்டு சேர்த்ததும் அதுவே. நள்ளிரவு மணியோசைக்கு நடுங்குவது சபுராளிக் குடும்பங்களுக்கும் புதிதன்று. ஆயினும் கஃபீலின் அனுமதி கிட்டினால் நம்மவர் கபுரில் மண் தள்ளவேனும் வந்து சேர்வர். பர்கூஸிக்கோ சொந்த ஊரின் வாசல் ஏறத்தாழ முப்பதாண்டுகள் அடைபட்டிருந்தது.

எனினும் நூலின் தனிச்சிறப்பு, தொலைபேசி சொல்லாமல் விட்டவற்றைப் பதிவு செய்வதிலேயே உள்ளது. போரும் மரணமும் எப்படியும் தூரதேசம் வந்தெட்டிவிடும். முற்றத்து அத்திமரம் வெட்டப்பட்டதை எவரும் அழைத்துச் சொல்வதில்லை. ஊர் திரும்பியவர் அம்மரம் நின்ற இடம் வெறுமையாய் இருக்கக் காண்கிறார். வெட்டச் செய்தவர் பகைவரல்லர், குடும்பத்து மூதாட்டி. பழம் உண்ண ஆளில்லாத வீட்டில் மரம் எதற்கு என்பதே அவருடைய பதிலின் சாரம். அயலகத்தில் இருந்தவர் நினைவில் பேணிய மரம், ஊரில் தங்கியவருக்குச் சுமையாகியிருந்தது. தம் ஏக்கத்தையே கேள்விக்குள்ளாக்கும் இப்பதிலை மறைக்காமல் எழுதியது ஆசிரியரின் நேர்மை.

நடையிலும் இந்நேர்மை தெரிகிறது. நம் அரபுக் கல்லூரிகளில் ஓதப்படும் ‘மகாமாத்துல் ஹரீரி’யின் அபூ ஸைதும் ஸரூஜ் நகரைப் பறிகொடுத்தவரே. அவர் தம் இழப்பை எதுகை உரைநடையின் அலங்காரமாக்கி, அவையோரிடம் பொருளும் பெறுவார். பர்கூஸியோ கடையில் ஆலிவ் எண்ணெயை விலைக்கு வாங்க நேர்ந்த கூச்சத்தைச் சாதாரணச் சொற்களில் எழுதுகிறார். ஆலிவ் விளையும் ஊரில் பிறந்தவருக்கு அது எத்தகைய தாழ்வு என்பதை நாமே உணர்ந்துகொள்கிறோம்.

குறையும் உண்டு. ஊரில் தங்கியோர் இந்நூலில் குறைவாகவே பேசுகின்றனர். அம்மூதாட்டி இன்னும் சற்று நேரம் பேசியிருக்கலாகாதா என்னும் ஏக்கம் வாசகனுக்கு எஞ்சுகிறது.

ஆசிரியர் 2021 பிப்ரவரியில் அம்மானில் காலமானார். 2023 அக்டோபரில் தொடங்கிய காஸா போரின் செய்திகளோ நம் கைப்பேசிகளுக்கு எண்ணிக்கைகளாக வந்து குவிந்தன. நாமும் துஆ செய்தோம், முழக்கமிட்டோம், கவிதை எழுதினோம். அவை யாவும் வேண்டியவையே. ஆனால் இடிந்த வீட்டின் முற்றத்தில் என்ன மரம் நின்றது, அதன் கனியை யார் உண்டார்கள் என்று கேட்கவும் கற்க வேண்டும். அதைக் கற்பிக்கும் இந்நூலை ‘மகாமாத்’துக்கு அருகில் வைத்து நம் மாணவர்களுக்குப் பாடமாக்கலாம்.