இரண்டாம் வட்டும் ஒன்று என்னும் எண்ணும்: இயங்குதள நிறுவல் உரைகளின் தமிழ் – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

கணினியில் இரண்டாவது வட்டினைப் பொருத்தி அதில் புதியதோர் இயங்குதளத்தை நிறுவுவதற்கான தமிழ் உரைகள் இன்று பெருகியுள்ளன. அவற்றின் மொழி குறித்த விவாதம் பெரும்பாலும் தனித்தமிழா, ஒலிபெயர்ப்பா என்ற எல்லைக்குள்ளேயே நின்றுவிடுகிறது. பயனரைத் தவறான வட்டை அழிக்கச் செய்யும் குறைகள் சொல்லின் பிறப்பில் இல்லை. பொருள்மயக்கம், எண்ணுமுறை, வினைவரிசை, விடுபாடு ஆகிய நான்கிலேயே உள்ளன என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது. நன்னூலின் பொதுப்பாயிரம் கூறும் நூற்குற்றங்கள் இதற்கு அளவுகோலாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: நிறுவல் உரை, கலைச்சொல், இயங்குதளம், நன்னூல், வினையெச்சம், வடசென்னை.

முன்னுரை

2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கப்பட்டது. அப்போது திருவொற்றியூரும் எண்ணூரும் அம்மாவட்டத்திலேயே இருந்தன. அவை சென்னை மாவட்டத்தோடு இணைந்தது 2018-இல். தொடக்க ஆண்டுகளில் வழங்கப்பட்ட மடிக்கணினிகளில் விண்டோசுடன், சென்னை சி-டாக் நிறுவனம் டெபியனை அடியொற்றி உருவாக்கிய பாஸ் லினக்சும் இடம்பெற்றது. ஒரே வட்டில் இரு இயங்குதளங்கள் என்னும் ஏற்பாட்டை அரசுப் பள்ளி மாணவர் பலர் முதன்முதலில் கண்டது இவ்வாறுதான். இராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான துறைமுகத் தொழிற்பகுதியில், கணினி வாங்க வாய்ப்பற்ற வீடுகளுக்குள் கணினி நுழைந்ததில் இத்திட்டத்திற்குக் கணிசமான பங்குண்டு.

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு முடிவுற்றது. விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 உள்ளிட்ட வன்பொருள் தகுதிகளைக் கோருகிறது; பழைய கணினிகள் பலவற்றில் அவை இல்லை. எனவே பழைய வட்டை அப்படியே வைத்துக்கொண்டு, குறைந்த விலையில் இன்னொரு வட்டை வாங்கிப் பொருத்தி, அதில் லினக்சை நிறுவுவது பலருக்கும் உகந்த வழியாகியுள்ளது. இவ்வழியின் சிறப்பே பழையதை இழக்காமல் புதியதைப் பெறுவது. பிள்ளையின் சான்றிதழ்ப் படிகளும் குடும்ப ஒளிப்படங்களும் பழைய வட்டில் இருக்கும். நிறுவலின் ஒரு படியில் வட்டு மாறிப்போனால் அவை அனைத்தும் போய்விடும். ஆகவே இவ்வுரைகளின் மொழித்தெளிவு நடையழகு சார்ந்த வினா அன்று. பயனரின் உடைமை சார்ந்த வினா.

அளவுகோல்

பவணந்தி முனிவர் நூலுக்குரிய பத்துக் குற்றங்களுள் குன்றக் கூறல், மாறுகொளக் கூறல், மயங்க வைத்தல் ஆகியவற்றையும் சுட்டுகிறார். இலக்கண நூலை மனத்திற்கொண்டு வகுக்கப்பட்ட இவ்வளவுகோல் செயல்முறை உரைக்கு இன்னும் கூர்மையாகப் பொருந்துகிறது. இலக்கிய உரையில் மயக்கம் வாசகனை மீண்டும் படிக்கத் தூண்டும். நிறுவல் உரையிலோ, மயங்கிய வாசகன் மீண்டும் படிப்பதற்கு முன்பே பொத்தானை அழுத்திவிடுகிறான்.

மயங்க வைத்தல்: ஒரு சொல் பல பொருள்

தமிழ்க் கணினி வழக்கில் 'இயக்கி' என்னும் சொல் தரவைச் சேமிக்கும் கருவிக்கும் வழங்குகிறது. அக்கருவியை இயக்கும் மென்பொருளுக்கும் வழங்குகிறது. ஆங்கிலத்தில் இவை இரண்டும் வேறு வேறு சொற்கள். இவற்றோடு 'இயங்குதளம்', 'இயக்க அமைப்பு', 'இயக்க முறைமை' என ஒரே பொருளுக்கு மூன்று பெயர்கள் சேர்கின்றன. மூன்றிற்கும் வேர் 'இயங்கு' என்பதே. 'இயக்கியில் இயங்குதளத்தை நிறுவியபின் அதற்குரிய இயக்கியை நிறுவவும்' என்ற தொடரை, பொருள் முன்பே அறிந்தவர் மட்டுமே புரிந்துகொள்ள இயலும். அறியாதவருக்கு அறிவிப்பதற்கென எழுதப்பட்ட உரை, அறிந்தவரை மட்டுமே சென்றடைவது முரணாகும்.

'பகிர்வு' என்பதும் இத்தகையதே. வட்டைக் கூறுகளாகப் பிரித்தலைச் சுட்டும் இச்சொல், இன்று பிறரோடு கோப்பைப் பகிர்ந்துகொள்ளும் பொருளில் நிலைபெற்றுவிட்டது. 'வட்டுப் பகிர்வு' என்னும் தலைப்பைக் காணும் இளைய வாசகர், வலையமைப்பில் வட்டைப் பிறருக்குத் திறந்துவிடும் செயலாகவே அதனைக் கொள்ள வாய்ப்புண்டு.

இவ்விரண்டினும் தீங்கு மிக்கது 'வடிவமைத்தல்'. பக்கத்தை வடிவமைத்தல், எழுத்தை வடிவமைத்தல், கட்டடத்தை வடிவமைத்தல் என யாண்டும் ஆக்கப்பொருளிலேயே வரும் இச்சொல், வட்டின்மேல் வரும்போது மட்டும் இருந்த தரவின் இழப்பைக் குறிக்கிறது. அழிவை ஆக்கத்தின் பெயரால் சொல்வது மங்கலவழக்கன்று, பொருளை மறைத்தலாகும். ஒப்பிட்டு நோக்கின், பழுதுநீக்கும் கடைகளில் வழங்கும் 'ஃபார்மட் அடிப்பது' என்னும் பேச்சுவழக்குத் தெளிவானது. அத்தொடரைக் கேட்ட எவரும் 'உள்ளே இருப்பதெல்லாம் போய்விடுமா?' என்று உடனே வினவுவர். ஒரு கலைச்சொல் எழுப்ப வேண்டிய வினாவை இங்குக் கடன்சொல் எழுப்புகிறது.

மாறுகொளக் கூறல்: எண்ணும் எண்ணுப்பெயரும்

இரண்டாம் வட்டில் நிறுவுவோர் எதிர்கொள்ளும் பெருஞ்சிக்கல் எண்ணுமுறையில் உள்ளது. விண்டோஸ் நிறுவி வட்டுகளைச் சுழியத்திலிருந்தும் ஒரு வட்டின் கூறுகளை ஒன்றிலிருந்தும் எண்ணுகிறது. திரையில் 'வட்டு 0, கூறு 1' எனக் காண்பது முதல் வட்டின் முதற்கூறு. 'வட்டு 1' எனக் காண்பது இரண்டாம் வட்டு. லினக்சிலோ வட்டுகள் எஸ்டிஏ, எஸ்டிபி என எழுத்துகளால் பெயர்பெறுகின்றன. என்விஎம்ஈ வகை வட்டுகள் மீண்டும் சுழியத்தில் தொடங்குகின்றன.

தமிழில் 'ஒன்றாம் வகுப்பு', 'முதல் வகுப்பு' என்பன மாணவனைப் பொறுத்தவரை ஒன்றே. எனவே 'வட்டு 1-ஐத் தேர்ந்தெடுக்கவும்' என்ற தொடரைத் தமிழ் வாசகர் 'முதல் வட்டை' என்றே உணர்வர். 'இரண்டாம் வட்டில் நிறுவுக' எனத் தலைப்பிட்டு, உள்ளே 'வட்டு 1' எனக் கூறும் உரை, மாறுகொளக் கூறலுக்குத் தக்க சான்று. அம்முரண்பாட்டை உணர்ந்து 'வட்டு 2' எனத் தாமே திருத்திக்கொள்ளும் வாசகர், மூன்று சேமிப்பகங்கள் உள்ள கணினியில் நிறுவலுக்கென இணைத்த யூஎஸ்பி துண்டையோ வேறொரு வட்டையோ சென்றடைவர். லினக்சில் எழுத்துப்பெயர்கள் ஒவ்வொரு தொடக்கத்திலும் மாறாதிருக்கும் என்பதற்கும் உறுதியில்லை.

ஆகவே எண்ணையோ எழுத்தையோ நம்பாமல் அடையாளத்தை நம்புக என்பதே சரியான அறிவுரை. வட்டின் கொள்ளளவும் தயாரிப்புப் பெயரும் அவ்வடையாளங்கள். இங்கும் ஒரு நுட்பம் உண்டு. 500 ஜிபி எனக் குறிக்கப்பட்ட வட்டை விண்டோஸ் ஏறத்தாழ 465 ஜிபி எனக் காட்டும். டெபியன் நிறுவி 500 ஜிபி எனக் காட்டும். முன்னது 1024-இன் மடங்கிலும் பின்னது 1000-இன் மடங்கிலும் கணக்கிடுவதே காரணம். 'கொள்ளளவைக் கொண்டு கண்டறிக' என்பதோடு நிறுத்தும் உரை, இவ்வேறுபாட்டைக் கூறாவிடின் ஒரு குழப்பத்திற்கு மாற்றாக இன்னொன்றைத் தருவதாகவே அமையும்.

வினைவரிசை: பெயர்ப்புத் தொடரின் இடர்

தமிழ் வினைமுற்றால் முடியும் மொழி. செயல்களை நிகழும் வரிசையிலேயே வினையெச்சங்களாகக் கோத்து, இறுதிச் செயலை முற்றாக நிறுத்துவது அதன் இயல்பு. 'கழுவி, நறுக்கி, வதக்கி, இறக்கு' என்னும் சமையற்குறிப்பு முதல் மருத்துவ நூல்களின் செய்முறை வரை இவ்வமைப்பே ஆட்சி செய்கிறது. செய்முறை உரைக்கு இதனினும் ஏற்ற தொடரமைப்பை விரும்பிப் பெற இயலாது.

ஆயினும் நிறுவல் உரைகள் பலவற்றில் 'தொடர்க என்பதை அழுத்தவும். அதற்கு முன்பு தரவுகளைப் படியெடுத்துக்கொண்டீர்களா என உறுதிசெய்யவும்' என்னும் வரிசையைக் காண்கிறோம். ஆங்கிலத்தில் ஒரே தொடரில் முன்பின்னாக நிற்கும் இரு செயல்கள், தமிழில் இரு தொடர்களாகப் பிரிந்து, எச்சரிக்கை செயலுக்குப் பின்னே சென்றுவிடுகிறது. படிதோறும் செய்துகொண்டே வாசிப்பவர் எச்சரிக்கையை அடையும்போது செயல் முடிந்திருக்கும். 'தரவுகளைப் படியெடுத்து, வட்டின் பெயரையும் கொள்ளளவையும் ஒப்பிட்டுப் பார்த்தபின், தொடர்க என்பதை அழுத்துக' என்று எழுதியிருப்பின் மொழியே காவலாக நின்றிருக்கும்.

'அனைத்துத் தரவுகளும் அழிக்கப்படும்' என்னும் செயப்பாட்டுத் தொடரும் ஆராயத்தக்கது. எவ்வட்டின் தரவு என்னும் இடச்சுட்டு அதில் இல்லை. ஒரே வட்டுள்ள கணினியில் அக்குறை தெரியாது. இரு வட்டுகள் உள்ளவிடத்தில் அத்தொடர் இரண்டு வகையில் கெடுக்கும்: அஞ்சுபவர் இரண்டும் அழியும் எனக் கருதி முயற்சியைக் கைவிடுவர், துணிபவர் எது அழியும் என அறியாமலே தொடர்வர்.

குன்றக் கூறல்: சொல்லாமல் விடப்படுவன

இரு வட்டுகள் தனித்தனியே இருப்பதால் இரு இயங்குதளங்களும் தனித்தனியே தொடங்கும் என வாசகர் எண்ணுவது இயல்பு. நடைமுறை வேறு. யூஈஎஃப்ஐ முறையில் கணினியைத் தொடங்கிவைக்கும் சிறுகோப்புகள் அதற்கெனவுள்ள தொடக்கக் கூறில் இருக்கும். முதல் வட்டில் அக்கூறு ஏற்கெனவே இருப்பின், விண்டோஸ் நிறுவி தன் தொடக்கக் கோப்புகளை அங்கேயே வைத்துவிடுவதுண்டு. உபுண்டுவின் பழைய நிறுவியும் பல பதிப்புகளில் அவ்வாறே செய்தது. விளைவாக, இரண்டாம் வட்டில் உள்ள இயங்குதளம் முதல் வட்டைச் சார்ந்தே உயிர்பெறுகிறது. பழைய வட்டு பழுதானாலோ கழற்றப்பட்டாலோ, பழுதற்ற புதிய வட்டும் தொடங்காது. நிறுவும் வேளையில் முதல் வட்டைக் கழற்றிவைத்தல் இதற்கு எளிய தீர்வு. தவறான வட்டை அழிக்கும் இடரும் அத்துடன் நீங்கும். ஒரே தொடரில் சொல்லிவிடக்கூடிய இச்செய்தி பல உரைகளில் இடம்பெறுவதில்லை.

மற்றொன்று கடிகாரம். விண்டோஸ் வன்பொருள் கடிகாரத்தை உள்ளூர் நேரமாகக் கொள்கிறது. லினக்ஸ் பொதுவாக அதனை உலகப் பொதுநேரமாகக் கொள்கிறது. எனவே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது நம் நாட்டில் நேரம் சரியாக 5 மணி 30 நிமிடம் பிறழக்கூடும். தீங்கற்ற இப்பிறழ்வை முன்னரே கூறாவிடின், நிறுவல் தவறிவிட்டது என வாசகர் முடிவுகட்டுவர். இதற்கு மாறாக, லினக்சின் வரலாறும் கட்டற்ற மென்பொருளின் பெருமையும் சில உரைகளில் பக்கக்கணக்கில் விரிகின்றன. வேண்டுவது குன்றவும் வேண்டாதது மிகவும் எழுதப்படுவது நன்னூலார் கூறும் இரு குற்றங்களை ஒருசேரச் செய்வதாகும்.

சொல்லின் பிறப்பும் சொல்லின் பயனும்

இக்குறைகளைக் கண்டு 'ஆங்கிலச் சொற்களையே ஒலிபெயர்த்துவிடலாம்' என்பது ஒரு சாரார் முடிபு. மேலே கண்ட 'ஃபார்மட்' அதற்கு வலுச்சேர்ப்பது போல் தோன்றும். ஆயின் எண்ணுமுறைச் சிக்கலும் வினைவரிசைச் சிக்கலும் விடுபாடும் ஒலிபெயர்ப்பால் தீர்வன அல்ல. 'டிஸ்க் 1' என எழுதினும் மயக்கம் அப்படியே நிற்கும்.

வடசென்னையின் சொல்வழக்கே இதற்கு விடை தருகிறது. காசிமேட்டில் 'விசைப்படகு' என்னும் ஆக்கச்சொல் மீனவர் நாவில் 'போட்' என்பதோடு இயல்பாக வழங்குகிறது. ஒரு பொருளை மட்டுமே சுட்டுவதும், பிரித்தால் பொருள் விளங்குவதும் அதன் வலிமை. அதே கரையில் மீனை விற்கும் 'ஏலம்' போர்த்துகீசியத்திலிருந்து வந்தது என்பர். அதன் பிறப்பை யாரும் வினவுவதில்லை. இராயபுரம் என்னும் ஊர்ப்பெயரே, தமிழ்க் கத்தோலிக்கர் புனித பேதுருவை இராயப்பர் என வழங்கியதன் வழிவந்தது என்பது பரவலான கருத்து. ஆக்கம், கடன், பெயர்ப்பு ஆகிய மூன்று வழிகளிலும் வந்த சொற்கள் இக்கரையில் நிலைத்துள்ளன. ஒரு சொல் ஒரு பொருளைக் குழப்பமின்றிச் சுட்டியதே அவை நிலைத்ததற்குக் காரணம். தொல்காப்பியம் திசைச்சொல்லையும் வடசொல்லையும் செய்யுட்குரிய சொற்களுள் வைத்து எண்ணியதையும் இங்கு நினைவுகூரலாம்.

அவ்வகையில் 'நிறுவு' நற்சொல், வேறெதனோடும் மயங்குவதில்லை. 'இயங்குதளம்' நிலைக்கட்டும், சேமிப்புக் கருவிக்கு 'வட்டு' என ஒன்றே போதும், 'இயக்கி' மென்பொருளுக்கு மட்டும் உரியதாகட்டும், பிரிக்கப்பட்ட பகுதி 'கூறு' எனப்படட்டும், 'வடிவமைத்தல்' வருமிடத்தில் 'அழித்துப் புதிதாக்குதல்' என வெளிப்படையாகச் சொல்லலாம்.

முடிவுரை

மேல்நிலைக் கணினி அறிவியல் பாடநூல் 2018 பாடத்திட்டத்தில் விண்டோசோடு உபுண்டுவையும் அறிமுகம் செய்துள்ளது. கணியம் இதழ் 2012 முதல் கட்டற்ற மென்பொருளைத் தமிழில் பேசிவருகிறது. டெபியன் போன்ற தளங்களின் நிறுவித் திரைகளும் தமிழில் கிடைக்கின்றன. ஆதலால் உழைப்புக்குக் குறைவில்லை. அவ்வுழைப்பைச் செம்மைப்படுத்தும் திறனாய்வுக்கே குறை. கலைச்சொற் பட்டியல்களை மதிப்பிடும் நம் துறை, அச்சொற்கள் தொடராகி வாசகரின் கையை இயக்கும் இடத்தை இன்னும் போதிய அளவு நோக்கவில்லை. செயல்முறை உரையும் ஓர் உரைவகை. அதற்கும் இலக்கணம் வேண்டும். ஆங்கில உரை வழி வட்டை இழந்தவர் தம் கவனக்குறைவை நொந்துகொள்வர். தமிழ் உரை வழி இழந்தவரோ, அடுத்த முறை தமிழ் உரையைத் தேடமாட்டார். அவ்விழப்பு ஒரு வட்டோடு நிற்பதில்லை.