மரபணுவில் எழுதப்பட்ட மரபு: ஆன் மெக்காஃப்ரியின் 'டிராகன்ஸ் டான்' புதினம்

ஆன் மெக்காஃப்ரி (1926–2011) 1988இல் வெளியிட்ட 'டிராகன்ஸ் டான்' (டிராகன்களின் விடியல்), பெர்ன் என்னும் கோளைக் களமாகக் கொண்ட புதின வரிசையுள் காலத்தால் பின்னும் கதையால் முன்னும் நிற்பது. அவ்வரிசையின் முதற்கதை 1967இல் 'அனலாக்' இதழில் வெளிவந்தது. 'டிராகன்ஃப்ளைட்' 1968இல் நூலாயிற்று. அந்நூலில் கோட்டைத் தலைவரும் இசைவாணரும் டிராகன் ஊர்வோரும் நிறைந்திருக்க, அறிவியல் பின்னணி சிறு அளவிலேயே இடம்பெறுகிறது. அப்பின்னணியையே இருபது ஆண்டுகளுக்குப் பின் ஆசிரியர் முழுப் புதினமாக விரித்தார். எனவே இதனைத் தோற்றக்கதை என்பதினும், ஆசிரியர் தம் பழைய நூலுக்குத் தாமே எழுதிய உரை என்பதே பொருந்தும்.

போரில் சலித்த ஆறாயிரத்திற்கும் மேற்பட்டோர் மூன்று விண்கலங்களில் பெர்னை அடைந்து, எளிய வேளாண் வாழ்வைத் தொடங்குகின்றனர். சில ஆண்டுகளில் வானிலிருந்து பொழியும் 'இழை' உயிருள்ள அனைத்தையும் தின்கிறது. அக்கோளுக்கே உரிய தீப்பல்லிகள் ஒருவகைக் கல்லை மென்று நெருப்புமிழ்ந்து இழையை எரிப்பதைக் கண்டு, மரபணுவியலாளர் கிட்டி பிங் அவற்றின் கருவைத் திருத்தி டிராகன்களை உருவாக்குகிறார். முட்டைகள் பொரிவதைக் காணாமலே அவர் இறந்துவிடுகிறார்.

உரையாசிரியர்க்கு மூலநூலின் முரண் எப்போதும் இடர் தரும். பச்சை டிராகன்களும் பெண்ணே; அவை தீக்கல்லை மெல்லும். தங்க டிராகன்கள் மெல்லா. 1968ஆம் நூலில் இது இயற்கை. 1988ஆம் நூலோ இதனை ஒருவர் எடுத்த முடிவாகக் காட்டுகிறது: பழைய ஒழுகலாற்றில் ஊறிய கிட்டி பிங், ஈனும் பெண்ணுக்குப் போர் தகாது எனக் கருதி அதனைக் கருவிலேயே பதித்துவிட்டார். ஒரு தலைமுறையின் கருத்து உயிரியலாக உறைய, சுமார் 2500 ஆண்டுகளுக்குப் பின் வருவோர்க்கு அது வினவத் தகாத மரபாகிறது. 'மரபணு' என்னும் தமிழ்ச்சொல்லுக்குள் 'மரபு' ஒளிந்திருப்பது இவ்விடத்தில் எவ்வளவு பொருந்துகிறது! உருவாக்குவோரின் சார்பு உருவாக்கப்பட்ட உயிரில் தங்கும் என்பதை, டிராகன்களின் மனமொழியையும் கணத்தில் இடம்பெயரும் ஆற்றலையும் விளக்க இயலாத இப்புதினம், இவ்வொரு செய்தியால் நிறுவுகிறது. இதன் அறிவியல் தகுதி இங்கேதான் உள்ளது.

ஆயினும் இத்தீர்வு முழு நேர்மையுடையது எனல் இயலாது. தங்க டிராகன் நெருப்புமிழாது என்ற விதியை வகுத்தவர் 1960களின் மெக்காஃப்ரி. அப்பழமையின் பொறுப்பை 1988இல் ஏற்பவரோ கீழை ஆசிய மரபினரான ஒரு மூதாட்டி. மேலைப் புனைவுகள் பழமைக்கு முகம் தேடும்போதெல்லாம் கீழ்த்திசையை நாடும் வழக்கத்திலிருந்து, பல இனத்தாரைக் குடியேற்றிய இந்நூலும் தப்பவில்லை.

பெயர்த்தி விண்ட் பிளாஸத்தின் நிலை இன்னும் கடிது. பாட்டியின் பணியைத் தொடரும் அவருடைய படைப்புகள் ஒளிக்கு அஞ்சும் அருவருப்பான விலங்குகளாகப் பிறக்க, ஏனையோர் அவற்றைத் தோல்வியென ஒதுக்குகின்றனர். கதைசொல்லியும் அவர்பால் பரிவு காட்டுவதில்லை. ஆனால் 'டிராகன்ஃப்ளைட்' நூலின் தொடக்கத்தில், ருவாதா கோட்டையில் கட்டுண்டு கிடந்து லெஸ்ஸாவுக்கு மட்டும் அன்பு காட்டி, அவளுக்காகவே உயிர்விடுவது அவ்வினத்துக் காவல் விலங்கு ஒன்றுதான்.