காதலிக்க நேரமில்லை: திரும்பப் பார்ப்பதன் ஆறுதல்

காதலிக்க நேரமில்லை (1964) ஸ்ரீதர் இயக்கிய முழுநீள நகைச்சுவைத் திரைப்படம். அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் தமிழர்கள் திரும்பத் திரும்பப் பார்க்கும் படங்களில் ஒன்று. முடிவு தெரிந்த கதை ஏன் சலிப்பதில்லை, அது தரும் ஆறுதல் எதை ஒதுக்கி வைக்கிறது என்ற இரு கேள்விகளை இப்படம் எழுப்புகிறது.

உருவாக்கம்

ஸ்ரீதரின் சித்ராலயா நிறுவனம் தயாரித்தது. எழுத்தில் சித்ராலயா கோபு பங்காற்றினார். ஒளிப்பதிவு ஏ. வின்சென்ட், இசை விஸ்வநாதன்-ராமமூர்த்தி. ரவிச்சந்திரன் இதில் அறிமுகமானார். இந்தியில் ‘பியார் கியே ஜா’ (1966), கன்னடத்தில் ‘ப்ரீத்தி மாடு தமாஷே நோடு’ (1979) என மறு ஆக்கம் செய்யப்பட்டது.

கதை

எஸ்டேட் முதலாளி விஸ்வநாதனின் (டி.எஸ். பாலையா) மகள்களிடம் வம்பிழுத்த அசோக் (ரவிச்சந்திரன்) வேலையிழக்கிறான். முதலாளி வீட்டெதிரே கூடாரம் போட்டு வேலை கேட்கிறான். மகள்களில் ஒருத்தியைக் காதலித்ததும் பணக்காரனாக வேடமிடுகிறான். நண்பன் வாசு (முத்துராமன்) அவனுக்குத் தந்தையாக நடிக்கிறான். விஸ்வநாதனின் மகன் செல்லப்பா (நாகேஷ்) படமெடுக்கும் கனவில் திரிகிறான்.

திரும்பப் பார்ப்பதன் இன்பம்

ஆள்மாறாட்ட ரகசியங்கள் பார்வையாளருக்கு முன்பே சொல்லப்பட்டுவிடுகின்றன. மர்மம் இல்லாததால் மறுமுறை பார்க்கும்போது இழப்பதற்கும் ஒன்றுமில்லை. செல்லப்பா தந்தைக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சி இதற்குச் சான்று. முதன்முறை பார்ப்பவர் கண் நாகேஷின் சேட்டைகளைத் தொடர்கிறது. அடுத்தமுறை அது பாலையாவின் முகத்தில் நிலைக்கிறது. மகன் கட்டிவிடும் கதை என்று தெரிந்தே அவர் நடுங்குகிறார். எல்லாம் தெரிந்தும் மீண்டும் சிரிக்கும் பார்வையாளரும் அவரைப் போன்றவரே. அக்காட்சி வாயால் எழுப்பும் ஓசைகளாலும் குரலின் ஏற்ற இறக்கத்தாலும் நிற்கிறது. கண்களை மூடிக்கொண்டு, உறக்கம் வரும்வரை காதால் கேட்டுக் கிடக்கவும் ஏற்றது.

ஆறுதலின் எல்லை

படத்தின் சிக்கல் ஒரு வேலைநீக்கத்தில் தொடங்குகிறது. கிருஷ்ணகிரி மாவட்ட நாகரசம்பட்டி, ஓசூர், போச்சம்பள்ளி தொழிற்பேட்டைகளைக் கொண்ட வட்டாரத்தைச் சேர்ந்தது. இரவுப்பணி முடித்துப் பகலில் உறங்கும் தொழிலாளிக்கு வேலையிழப்பு என்பது வாடகை, கடன், தங்கை திருமணம் எல்லாம் சேர்ந்த அச்சம். படத்தில் அது கூடாரமும் பாட்டுமாகிறது. வேலை கேட்ட கோரிக்கை பாதியில் கரைந்து, பொய்ப் பணம் அதன் இடத்தைப் பிடிக்கிறது.

பணக்காரன் என்றதுமே குழையும் விஸ்வநாதனைப் படம் கூர்மையாகவே கேலி செய்கிறது. ஆனால் அவரது அதிகாரத்தை அசைப்பதில்லை. உண்மை வெளிப்பட்டபின் அவரது சம்மதமே எல்லாவற்றையும் தீர்க்கிறது. இது படத்தின் குறை. அதன் ஆறுதலும் இதனுள்தான் இருக்கிறது. சீட்டைக் கிழிக்கும் முதலாளி இங்கே பேய்க்கதைக்குப் பயப்படும் அப்பாவாகவும் இருக்கிறார். வெளியே அப்படி ஒருவரைப் பார்ப்பது அரிது என்பதால்தான் அந்த வீட்டுக்குள் மீண்டும் மீண்டும் நுழையத் தோன்றுகிறது.